விட்டுப்போனவரையும் கேளுங்கள்: தன்னார்வக் கணிமைக்கு எந்தக் கருத்துக்கணிப்பு பொருந்தும்?

தன்னார்வக் கணிமைத் திட்டம் ஒன்றை நடத்துபவருக்குப் பங்கேற்பாளர்களின் கணினிகளைப் பற்றித் தெரியாதது கொஞ்சம்தான். எந்த பிராசசர், எத்தனை கோர், எவ்வளவு ரேம், எந்த இயங்குதளம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அனுப்பிய வேலையில் எவ்வளவு பிழையோடு திரும்பியது என எல்லாம் சர்வரில் பதிவாகிறது. ஆனால் அந்தக் கணினியின் சொந்தக்காரர் யார், எதற்காக இதைச் செய்கிறார், போன மாதம் ஏன் நிறுத்தினார் என்பதற்கு ஒரு வரிகூட அங்கே கிடையாது.

வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தை அறிவியல் கணக்கீட்டுக்குக் கடனாக வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு வயது முப்பதைத் தொடுகிறது. பகா எண் தேடும் கிம்ப்ஸ் 1996இல் தொடங்கியது. விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அலசிய ஸெட்டி அட் ஹோம் 1999 மே மாதம் பெர்க்லியில் தொடங்கி, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழுத்துவந்தது. அடுத்த ஆண்டே புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் வந்தது. இன்று பெரும்பாலான திட்டங்கள் போயின்க் என்ற பொது மென்பொருளின்மேல் ஓடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஒரே இயல்புதான்: சம்பளம் இல்லாத, ஒப்பந்தம் இல்லாத, எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் போகக்கூடிய மனிதர்களை நம்பி நிற்கின்றன.

ஒரு நாள் பங்கேற்பைக் காட்டும் வரைபடத்தில் கோடு இறங்குகிறது. "ஒரு சர்வே போட்டுப் பார்க்கலாமே" என்று குழுவில் யாராவது சொல்வார்கள். சரி, போடலாம். ஆனால் எந்த சர்வே? எல்லோருக்கும் திறந்த இணைப்பா, பட்டியலிலிருந்து குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மின்னஞ்சலா, மென்பொருளுக்குள்ளேயே ஒரு கேள்வியா, பத்துப் பன்னிரண்டு பேரோடு நேரடிப் பேச்சா? அல்லது எதையும் கேட்காமல் சர்வர் பதிவுகளை மட்டும் படித்தால் போதுமா? இந்த ஐந்தையும்தான் இங்கே எடைபோடுகிறேன். எடைக்கல் ஒன்றே ஒன்று. இந்த வழியில் கேட்டால் யார் நம் காதில் விழாமல் போகிறார்கள்?

முதலில், கேட்காமலே தெரிந்துகொள்ளக்கூடியது

கடைசியாகச் சொன்ன வழியை முதலில் பார்த்துவிடுவோம். அது மலிவானது, யாரையும் தொந்தரவு செய்யாதது. விலகிய கணினிகளை அவை கடைசியாகத் தொடர்புகொண்ட தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். விலகல்கள் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் குவிந்திருந்தால், அந்த வாரத்துக்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தேடுங்கள். புதிய பதிப்பு வெளியானதா? ஒரு வேலைத் துண்டுக்குத் தேவைப்படும் ரேம் இரண்டு ஜிபியிலிருந்து ஆறு ஜிபிக்கு ஏறியதா? சர்வர் நான்கு நாள் நின்றுபோய், வேலை கிடைக்காத கணினிகள் வேறு திட்டத்துக்குத் திரும்பிக்கொண்டனவா? இவற்றில் ஏதாவது பொருந்தினால் சர்வே வேண்டாம். பிழையைத் திருத்துங்கள், அறிவியுங்கள், காத்திருங்கள்.

விலகல்கள் குவியாமல் ஆண்டு முழுவதும் சீராகச் சொட்டுச் சொட்டாக நடந்துகொண்டிருந்தால்தான் பதிவுகள் கைவிரிக்கின்றன. 2020 வசந்தத்தில் கொரோனா ஆய்வுக்காக ஃபோல்டிங் அட் ஹோமில் கூட்டம் அலைமோதி, அதன் மொத்தக் கணக்கீட்டு வேகம் ஒரு எக்ஸாஃபிளாப்பை, அதாவது வினாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கீடுகளை, தாண்டியது. அதே ஆண்டு மார்ச் 31 அன்று ஸெட்டி அட் ஹோம் புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. ஐபிஎம் 2004இல் தொடங்கி நடத்திவந்த வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் பின்னர் டொரான்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது. கைமாறும்போது நீண்ட இடைவெளி விழுந்தது. ஒரு பங்கேற்பாளரின் கணக்கு இந்தக் காலத்தில் அமைதியானது என்றால் சர்வரில் தெரிவது அமைதி மட்டும்தான். கொரோனாவுக்காக வந்தவர் கடமை முடிந்தது என்று போனாரா, பழைய திட்டம் மறுபடி ஓடத் தொடங்கியதே தெரியாமல் இருக்கிறாரா, கணினியே பழுதாகிவிட்டதா? இதை ஒரு மனிதரிடம் கேட்டாக வேண்டும்.

அதனால் இரண்டு விதிகள். சர்வருக்குத் தெரிந்ததைச் சர்வேயில் கேட்காதீர்கள். அப்புறம், பதில் எப்படி வந்தாலும் உங்கள் முடிவு மாறாது என்றால் அந்தக் கேள்வியையும் கேட்காதீர்கள். இந்த இரண்டாவது விதி கடுமையானது. உதாரணமாக, தன்னார்வக் கணிமையில் ஆண்களே மிகப் பெரும்பான்மை என்று முன்பு நடந்த கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. அதை மாற்ற ஏதாவது செய்யப்போகிறீர்கள் என்றால் பாலினம் கேளுங்கள். வழக்கமாக எல்லா சர்வேயிலும் இருக்கிறதே என்பதற்காகக் கேட்க வேண்டாம்.

திறந்த இணைப்பு: எண்ணிக்கை கொடுக்கும் தைரியம்

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். இணையதளத்தின் முகப்பில் ஓர் இணைப்பு, அறிவிப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் பதில் வரலாம். அந்த எண்ணிக்கை கொடுக்கும் தைரியம்தான் ஆபத்து.

1936 அமெரிக்க அதிபர் தேர்தல் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். சுமார் 50,000 பேரை மட்டும் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். அனுப்பிய முகவரிகள் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்கள் பக்கம் சாய்ந்திருந்தன என்பதைப் பலரும் சொல்வார்கள். அட்டை கிடைத்தும் திருப்பி அனுப்பியவர்கள் யார், அனுப்பாதவர்கள் யார் என்பதிலும் சாய்வு இருந்தது. நமக்குப் பாடம் இந்த இரண்டாவது சாய்வில்தான் இருக்கிறது.

ஏனென்றால் நம் துறையில் அந்தச் சாய்வு மிகப் பலமானது. தன்னார்வக் கணிமையின் அழகே, ஒரு தடவை நிறுவிவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான். நன்றாக வேலை செய்யும் திட்டத்தின் பங்கேற்பாளர் அதன் இணையதளத்தை வருடக்கணக்கில் திறந்து பார்க்கமாட்டார். திறந்து பார்ப்பவர் யார்? செய்த கணக்கீட்டுக்குத் திட்டம் தரும் கிரெடிட் புள்ளிகளின் பட்டியலில் தன் இடத்தைக் கவனிப்பவர், பங்கேற்பாளர்கள் சேர்ந்து அமைக்கும் அணியின் தலைவர், ஏதோ கோளாறு என்று விடை தேடி வந்தவர். இவர்கள் முக்கியமானவர்கள், திட்டத்தின் முதுகெலும்பே இவர்கள்தான். ஆனால் இவர்களுடைய பதில்களை எல்லோருடைய பதிலாகவும் எடுத்துக்கொண்டால், கிரெடிட் முறையை மாற்றுவதுதான் உலகத்தின் அவசரப் பிரச்சினை என்று தோன்றிவிடும். தவிர, ஒரு பெரிய அணி தன் உறுப்பினர்களிடம் "எல்லோரும் போய் மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று போடுங்கள்" என்று சொன்னால் தடுக்க வழியில்லை.

விட்டுப்போனவர் இந்த வழியில் அறவே வரமாட்டார். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் "யார் யார் வரவில்லை" என்று கேட்பது போலத்தான் இது.

அதற்காக இதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எண்ணிக்கை தேவைப்படாத இடத்தில் இது நல்ல வழி. எந்தக் கிராபிக்ஸ் அட்டையில் செயலி உறைகிறது, எந்த மொழியில் இடைமுகம் மோசமாக இருக்கிறது, உதவிப் பக்கத்தில் எது புரியவில்லை என்பதற்கெல்லாம் திறந்த இணைப்பே போதும். ஒரே ஒருவர் சொன்னாலும் பிழை பிழைதான். "இத்தனை சதவீதம் பேர் விரும்புகிறார்கள்" என்ற வாக்கியத்தை மட்டும் அதிலிருந்து எடுக்கக் கூடாது.

குலுக்கித் தேர்ந்தெடுத்து மின்னஞ்சல்

என் ஓட்டு இதற்குத்தான். கணக்குப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை மட்டுமே பயன்படும் தனி இணைப்போடு மடல் அனுப்புவது. வேலை கூடுதல்தான், ஆனால் பதில் தராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது இதில் மட்டுமே தெரியும். பதில் தந்தவர்களின் சராசரி ஓட்ட நேரத்தையும் தராதவர்களின் சராசரி ஓட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திறந்த இணைப்பில் இந்த ஒப்பீடே சாத்தியமில்லை.

எத்தனை பேர் வேண்டும்? சரியான குலுக்கலில் 400 பதில் வந்தால் பிழை வரம்பு ஏறத்தாழ ஐந்து சதவீதப் புள்ளி மேலே, ஐந்து கீழே. 1,000 என்றால் மூன்று. 2,500 போனால் இரண்டு. உங்கள் திட்டத்தில் 50,000 பேர் இருந்தாலும் ஐந்து லட்சம் பேர் இருந்தாலும் இந்தக் கணக்கு அநேகமாக மாறாது. 400க்கு மேல் ஓடி அலைவதைவிட, தேர்ந்தெடுத்தவர்களில் பதில் தராதவர்களுக்கு மறுபடி இரண்டு நினைவூட்டல் அனுப்புவதில் உழைப்பைப் போடுவது மேல். இந்த வரம்பு குலுக்கலின் பிழையை மட்டுமே சொல்கிறது. பதில் தராதவர்களால் வரும் சாய்வை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

ஆனால் மொத்தப் பட்டியலையும் ஒரே பானையில் போட்டுக் குலுக்கக் கூடாது. ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். மொத்தம் 40,000 கணக்குகள். அதில் பல கணினிகளை இரவு பகலாக ஓட்டும் தீவிரப் பங்கேற்பாளர்கள் 600 பேர். சாதாரணமாக ஓட்டுபவர்கள் 9,400 பேர். கடந்த ஓர் ஆண்டுக்குள் நின்றுபோனவர்கள் 5,000 பேர். மீதி 25,000 பேர் அதற்கு முன்பே போனவர்கள். ஒரே பானையில் குலுக்கி 2,000 பேருக்கு அனுப்பினால், அதில் 1,250 மடல்கள் பழைய முகவரிகளுக்குப் போகும். பெரும்பகுதி திரும்பிவரும் அல்லது கேட்பாரற்றுக் கிடக்கும். தீவிரப் பங்கேற்பாளர்கள் முப்பது பேர்தான் சிக்குவார்கள்.

மாறாக, தீவிரமானவர்களில் 300, சாதாரணமானவர்களில் 700, சமீபத்தில் நின்றவர்களில் 1,000 என்று தனித்தனியாகக் குலுக்குங்கள். பழையவர்களை இந்தத் தடவை விட்டுவிடலாம். மூன்று வருடத்துக்கு முன் ஏன் நிறுத்தினோம் என்பது யாருக்கும் சரியாக நினைவிருக்காது. வரும் பதில் பாதி நினைவு, பாதி யூகம். இப்போது தீவிரமானவர்களிடமிருந்து 150, சாதாரணமானவர்களிடமிருந்து 210, நின்றவர்களிடமிருந்து 100 பதில்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். இந்த 460ஐ அப்படியே கூட்டினால் தவறு. பதில்களில் மூன்றில் ஒரு பங்கு தீவிரமானவர்களுடையது, ஆனால் இந்த மூன்று குழுவும் சேர்ந்த 15,000 பேரில் அவர்கள் நான்கு சதவீதம்தான். ஒவ்வொரு தீவிரப் பங்கேற்பாளரும் 4 பேருக்காகப் பேசுகிறார், சாதாரணமானவர் ஏறக்குறைய 45 பேருக்காக, நின்றுபோனவர் 50 பேருக்காக. அந்த எடையைப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். ஒரு விரிதாளில் ஒரு நிரல் கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது, இந்தத் துறைக்கே உரியது. எண்ண வேண்டியது தலையையா, கணினியையா, கணக்கீட்டையா? ஒருவர் ஒரே மடிக்கணினியை மாலையில் மட்டும் ஓட்டுகிறார். இன்னொருவர் நாற்பது கணினிகளை ஓட்டுகிறார். ரேம் தேவையை உயர்த்தலாமா என்ற கேள்வியில் பங்களிப்பின்படி எடை போடுவது நியாயம், ஏனென்றால் அங்கே பணயம் வைக்கப்படுவது கணக்கீட்டுத் திறன். முடிவுகளை எளிய மொழியில் விளக்கினீர்களா, நன்றி சொன்னீர்களா என்ற கேள்வியில் தலைக்கு ஒரு ஓட்டுதான். இரண்டையும் கணக்கிட்டு, வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டு எண்களையும் வெளியிடுவதே நேர்மை. எந்த எடை என்பதைப் பதில்கள் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வந்தபிறகு முடிவு செய்தால் மனம் தனக்குப் பிடித்த எண்ணின் பக்கம் நழுவும்.

இந்த வழிக்குத் தடைகளும் உண்டு. எல்லாத் திட்டங்களிடமும் மின்னஞ்சல் பட்டியல் இல்லை. ஃபோல்டிங் அட் ஹோமில் நீண்ட காலமாகவே பெயர்கூடத் தராமல் பங்களிக்க முடியும். பங்களிப்பை உரியவரோடு இணைக்கும் பாஸ்கீ என்ற தனிக் குறியீட்டை வாங்கும்போதுதான் மின்னஞ்சல் தேவைப்படும். போயின்க்கில் கணக்கு திறக்க மின்னஞ்சல் வேண்டும், ஆனால் போயின்க் திட்டங்களுக்குப் பொது நுழைவாயிலான சயின்ஸ் யுனைடெட் வழியாக வருபவர் திட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. மருத்துவம், வானியல் என்று துறையைத் தேர்வு செய்கிறார், அவ்வளவுதான். அவரிடம் "எங்கள் திட்டத்தில் ஏன் சேர்ந்தீர்கள்" என்று கேட்டால் முழிப்பார், அது அவர் தவறில்லை. பட்டியல் இருந்தாலும், செய்தி மடல் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு அனுப்பக் கூடாது. அப்படி விலக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதைக் குறித்து வைக்க வேண்டும்.

மென்பொருளுக்குள் ஒரே ஒரு கேள்வி

போயின்க் மேலாளரில் அறிவிப்புகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு வரிக் கேள்வியும் இணைப்பும் வைக்கலாம். மின்னஞ்சலைத் திறக்காதவரும் இதைப் பார்க்க வாய்ப்புண்டு. ஆனால் பல கணினிகளை ஓட்டுபவர்கள் திரையே இல்லாத சர்வர்களில் கட்டளை வரியிலிருந்து ஓட்டுவார்கள். அவர்கள் கண்ணில் இது படாது. மென்பொருளை நீக்கிவிட்டுப் போனவர் கண்ணிலும் படாது.

எனக்கு இதில் ஒரு மனத்தடை இருக்கிறது. தன் கணினியை நமக்குத் தந்தவரோடு நாம் செய்துகொண்ட எழுதாத உடன்பாடு, "உங்கள் வேலைக்கு நாங்கள் குறுக்கே வரமாட்டோம்" என்பதுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது பெட்டி ஒன்று எழும்பிக் கேள்வி கேட்டால் அந்த உடன்பாடு முறிகிறது. ஆகவே எழும்பும் பெட்டி வேண்டவே வேண்டாம்.

இரண்டு தருணங்களில் மட்டும் ஒரு கேள்வி பொருத்தமானது. சேரும்போது: "இந்தத் திட்டத்தைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" ஒரு வருடம் கழித்துக் கேட்டால் நினைவிருக்காது. விலகும்போது: திட்டத்திலிருந்து கணினியைப் பிரிக்கும் அல்லது கணக்கை அழிக்கும் பக்கத்தில், விருப்பம் இருந்தால் மட்டும் நிரப்பும்படி, காரணத்துக்கு ஒரு கட்டம். அந்த நிமிடத்தில் எழுதப்படும் ஒரு வரி, ஆறு மாதம் கழித்து வாங்கும் பத்துப் பதில்களைவிடத் துல்லியமாக இருக்கும். நிரப்பாமல் போனால் போகட்டும், அவரைப் பிடித்து நிறுத்தக் கூடாது.

பன்னிரண்டு பேரோடு பேசுவது

இதை வைத்து எந்தச் சதவீதமும் சொல்ல முடியாது. ஆனாலும் இதைச் செய்யாமல் கேள்வித்தாள் எழுத உட்காராதீர்கள் என்பேன். காரணம், நாம் விடைகளாகத் தரும் தேர்வுகள் நம் தலைக்குள் இருப்பவை. பங்கேற்பாளரின் வாழ்க்கை அதற்கு வெளியே இருக்கிறது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 300 வாட் இழுக்கும் கணினி நாள் முழுக்க ஓடினால் 7.2 யூனிட், முப்பது நாளில் 216 யூனிட். ஆகவே "மின்கட்டணம் உங்களுக்குச் சுமையா?" என்று கேட்கத் தோன்றும். உட்கார்ந்து பேசினால் வேறு வேறு விஷயங்கள் வெளியே வரும். கட்டணம் கட்டுபவர் வேறொருவர், அவரிடம் இதை விளக்க முடியவில்லை. அல்லது கட்டணம் பரவாயில்லை, வெயில் காலத்தில் அறை சூடாகிறது. அல்லது மின்விசிறிச் சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை. இம்மூன்றுக்கும் தீர்வுகள் வேறு. வெப்பத்துக்கும் சத்தத்துக்கும் பிராசசர் பயன்பாட்டைக் குறைக்கும் அமைப்பு ஏற்கெனவே போயின்க்கில் உண்டு; அது இருப்பது தெரியாமலே ஒருவர் போயிருக்கலாம். "ஆம், சுமை" என்ற ஒற்றைப் பதிலுக்குள் இவை எல்லாம் மூடிக்கிடக்கும்.

இன்னொன்று. விலகியவர் என்றால் கோபித்துக்கொண்டவர் என்று ஒரு நினைப்பு நடத்துபவர்களிடம் உண்டு. பேசிப் பார்த்தால் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களே வரும்: புதுக் கணினி வாங்கினார், மறுபடி நிறுவவில்லை, இயங்குதளத்தை மாற்றினார், கடவுச்சொல் மறந்துவிட்டது. இவர் விட்டுப்போனவரே இல்லை. அவரைத் திரும்ப அழைக்க ஒரு மடல் போதும். உங்கள் கேள்வித்தாளில் "திட்டத்தில் அதிருப்தி" என்று எட்டு வகையாகப் பட்டியல் போட்டுவிட்டு, "கணினி மாற்றினேன்" என்ற தேர்வை விட்டிருந்தால், அவர் எட்டில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். நீங்களும் இல்லாத அதிருப்தியைச் சரிசெய்ய ஆறு மாதம் உழைப்பீர்கள்.

பன்னிரண்டில் குறைந்தது ஐந்து பேராவது நின்றுபோனவர்களாக இருக்கட்டும். கேள்வித்தாள் தயாரானதும் அதே ஆட்களில் மூன்று பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நமக்குத் தெளிவாகத் தெரியும் கேள்வி அங்கேதான் தடுக்கி விழும்.

பெயரோடா, பெயர் இல்லாமலா?

எந்த வழியில் கேட்டாலும் இந்த முடிவை எடுத்தாக வேண்டும். பதிலைக் கணக்கோடு இணைத்தால் பயன் பெரிது. 2010இல் ஓடெட் நோவ், டேவிட் ஆண்டர்சன், ஓஃபர் அராஸி மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஸெட்டி அட் ஹோம் பங்கேற்பாளர்கள் தங்கள் ஊக்கங்களைப் பற்றிச் சொன்னதை அவர்களுடைய உண்மையான பங்களிப்புப் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். "அறிவியலுக்காகச் செய்கிறேன்" என்று சொல்வது எளிது, நன்றாகவும் இருக்கும். அப்படிச் சொல்பவர் உண்மையிலேயே அதிகம் ஓட்டுகிறாரா என்பதை இணைத்தால்தான் பார்க்க முடியும். கேள்விகளும் பாதியாகக் குறையும். எத்தனை கணினி, எப்போது சேர்ந்தீர்கள், எந்தச் செயலி என்று எதுவும் கேட்க வேண்டாம்.

பெயரை நீக்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது இந்தத் துறையில் செல்லாது. போயின்க் திட்டங்கள் புள்ளிவிவரங்களை வெளியே ஏற்றுமதி செய்கின்றன. பயனர் பெயர், நாடு, அணி, மொத்தக் கிரெடிட் எல்லாம் யாரும் பார்க்கும்படி இருக்கும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபிறகு இதற்குப் பயனரின் ஒப்புதல் கேட்கப்படுகிறது. பலர் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் "அநாமதேய" சர்வேயில் நாடு, அணி, சேர்ந்த ஆண்டு மூன்றும் இருந்தால், சிறிய நாட்டின் சிறிய அணியில் இருப்பவரை அந்தப் பொதுப் பட்டியலை வைத்தே யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

இது வெறும் கோட்பாட்டுக் கவலையாகத் தெரியலாம். 2001இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தான் பணிபுரிந்த கல்லூரியின் கணினிகளில் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் என்ற தன்னார்வக் கணிமைத் திட்டத்தின் மென்பொருளை நிறுவிய ஒருவர்மீது குற்ற வழக்கே போடப்பட்டது. "நீங்கள் ஓட்டும் கணினி யாருடையது?" என்ற கேள்வி நமக்கு மிகவும் பயனுள்ளது, பதில் தருபவருக்கோ வேலையே போகக்கூடிய விஷயம். இந்த ஒரு கேள்வியைக் கணக்கோடு இணைத்த சர்வேயில் வைக்காதீர்கள். அவசியம் என்றால் எதனோடும் இணையாத தனிக் கேள்வியாக வையுங்கள்.

என் பரிந்துரை: இணையுங்கள், ஆனால் முதல் பக்கத்திலேயே எதை எதோடு இணைக்கிறோம் என்று இரண்டு வரியில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மறுப்பவர் இணைக்காமலே பதில் தர வழி வையுங்கள். இணைக்கும் சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, பகுப்பாய்வு முடிந்ததும் அறிவித்த தேதியில் அழியுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் எண்ணையும் வெளியிடாதீர்கள். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த திட்டம் என்றால் அங்குள்ள நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே போக வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் வாரங்களைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூகுள் ஃபார்ம்ஸ் பத்து நிமிடத்தில் தயாராகும். ஆனால் ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், சீனாவிலிருந்து திறக்காது, ஒரே படிவத்தைப் பல மொழிகளில் வைக்க நேரடி வசதியும் இல்லை. லைம்சர்வே திறந்த மூல மென்பொருள், உங்கள் சர்வரிலேயே நிறுவலாம். தனி இணைப்புகள், பல மொழிகள், நினைவூட்டல் எல்லாம் உண்டு. திட்டச் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த குழுவுக்கு லைம்சர்வே கடினமாக இருக்காது.

கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் நான் கணினி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டத்திலிருந்து சர்வே வந்தது. அறுபதுக்கும் மேல் கேள்விகள். நாற்பதாவது கேள்வி வாக்கில் எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்த கட்டத்தைத் தொட ஆரம்பித்தேன், அப்புறம் மூடிவிட்டேன். அந்தத் திட்டத்தின்மேல் எனக்கு உண்மையான அன்பு இருந்தது. எனக்கே அப்படியென்றால் சும்மா ஓட்டுபவர் ஐந்தாவது கேள்வியிலேயே போயிருப்பார். பத்துக் கேள்வி, ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

"அறிவியல் முன்னேற்றமும் கிரெடிட் புள்ளிகளும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்பது ஒரே வாக்கியத்தில் இரண்டு கேள்வி. பிரித்துவிடுங்கள். பிரித்தாலும் சிக்கல் தீராது. முக்கியமா என்று கேட்டால் அறிவியலுக்கு எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள். "கடந்த மூன்று மாதத்தில் திட்டத்தின் ஆய்வு முடிவு எதையாவது படித்தீர்களா?" "கடைசியாக எப்போது உங்கள் கிரெடிட்டைப் பார்த்தீர்கள்?" "கடைசியாகக் கணக்கீட்டை நீங்களே நிறுத்திவைத்த நாளில் என்ன நடந்தது?" மூன்றாவது கேள்விக்குக் காலிப் பெட்டி வையுங்கள். மொத்த சர்வேயிலும் நீங்கள் திரும்பத் திரும்பப் படிக்கப்போவது அந்தப் பெட்டியாகத்தான் இருக்கும். தேர்வுகள் உள்ள கேள்விகளில் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள், முதலில் இருப்பதற்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக விழும்.

நின்றுபோனவருக்கு அனுப்பும் மடல் வேறாக இருக்கட்டும். "உங்களை இழந்துவிட்டோம்" என்ற தொனி வேண்டாம். அவர் தந்த கணக்கீட்டு நேரம் எவ்வளவு, அது எந்த ஆய்வுக்குப் போனது என்று சொல்லிவிட்டு, மூன்றே கேள்வி. திரும்பிவர இணைப்பை அந்த மடலில் வைக்காதீர்கள். வைத்தால் அது விளம்பரம் ஆகிவிடும், பதிலும் அதற்கேற்ப வளையும்.

ஒருவர் மட்டும், வாரத்துக்குச் சில மணி நேரம், இரண்டு மாத அவகாசம் என்றால் நான் பிரிக்கும் விதம் இது. முதல் வாரம் சர்வர் பதிவுகள். அடுத்த மூன்று வாரம் பன்னிரண்டு பேச்சுகள். பிறகு குலுக்கலும் மடலும், பத்து நாள் இடைவெளியில் இரண்டு நினைவூட்டல்கள். கடைசி இரண்டு வாரம் எடைபோட்டுக் கூட்டுவதும் எழுதுவதும். மின்னஞ்சல் பட்டியலே இல்லாத திட்டம் என்றால் பேச்சுகளோடு, சேரும்போதும் விலகும்போதும் வைக்கும் ஒற்றைக் கேள்விகளை ஓராண்டு ஓடவிட்டுப் பார்க்கலாம். திறந்த இணைப்பை எப்போதும் ஓர் ஓரத்தில் பிழைப் பெட்டியாக வைத்திருக்கலாம்.

அறிக்கையைப் பங்கேற்பாளர்களுக்கே முதலில் அனுப்புங்கள், பதில் தராதவர்களுக்கும் சேர்த்து. அதில் கேட்ட கேள்விகள் சொல் மாறாமல் இருக்கட்டும். எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை மடல் திரும்பிவந்தது, எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், எந்தக் குழுவில் எத்தனை பதில், என்ன எடை போட்டோம் என்பதும் இருக்கட்டும். அடுத்த முறை கேட்கும்போது குறைந்தது இரண்டு கேள்விகளையாவது ஓர் எழுத்துகூட மாற்றாமல் வையுங்கள். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட அந்த இரண்டும்தான் உதவும்.